தொட்டுப் பார்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

நாய்களின் தோல் கட்டிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், மெத்தென்று இருந்தால் அது வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாஸ்ட் செல் எனும், ஒவ்வாமையில் பங்குள்ள நோயெதிர்ப்புச் செல்லில் உண்டாகும் புற்றுக்கட்டியும் மெத்தென்று இருக்கக்கூடும். அதிலிருந்து ஹிஸ்டமின் என்ற, வீக்கம் உண்டாக்கும் வேதிப்பொருள் வெளிப்படுவதால் ஒரு நாள் வீங்கும், மறுநாள் வடியும். வடிந்துவிட்டதே என்று நிம்மதியடைவதுதான் ஆபத்து. எங்கள் நாயின் விலாவில் இருந்த கட்டியும் விரலுக்குக் கொழுப்பாகத்தான் தட்டுப்பட்டது. மருத்துவர் மெல்லிய ஊசியால் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் ஊதாத் துகள்கள் நிறைந்த மாஸ்ட் செல்கள் தெரிந்தன. மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை. (தீவிரத்தை அறியத் திசுப் பரிசோதனை வேண்டும், சரி, அது அப்புறம்.)

தடுப்பூசிக்கு வரும் நாய்களை உடல் முழுக்கத் தடவிப் பார்த்து, தென்படும் கட்டிகளுக்கு அன்றே ஊசிப் பரிசோதனை செய்வதைக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக்கலாம்.

– ஒரு வாசகர்