இரண்டு கினிபிக், ஏழு வருடம்

அன்புள்ள கயல்,

நிலா பிறந்தநாளுக்கு கினிபிக் (முயல் போலப் புல் தின்னும் அந்தச் சின்னப் பிராணி) வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். தரலாம். ஆனால் கடைக்குப் போகாதே, அங்கே இங்கிலாந்தில் கைவிடப்பட்ட பிராணிகளை வைத்துப் பார்க்கும் காப்பகத்திலிருந்து எடு. ஒன்றாக எடுக்காதே, இரண்டாக எடு. பிறந்தநாளன்று வேண்டவே வேண்டாம். வீடு நிறையப் பிள்ளைகள் கூச்சல் போடும் நாளில் வந்து இறங்கினால் பயத்தில் தீனியே தொடாது. ஒரு மாதம் தள்ளிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 5 முதல் 8 வருடம் வாழும். நிலாவுக்கு இப்போது எட்டு. அவள் பதினைந்தைத் தாண்டி அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் வயதிலும் கூண்டில் இரண்டு உயிர் தீனிக்குக் கத்தும். அப்போது எழுந்து போகிறவள் நீயாகவோ மாப்பிள்ளையாகவோதான் இருப்பீர்கள். பிராணி வளர்த்தால் குழந்தைக்குப் பொறுப்பு வரும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. குழந்தை கூடமாட உதவலாம், பொறுப்பு பெரியவர்களுடையது. வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடு. "வீட்டுக்காரர் விடவில்லை" என்று காப்பகத்தில் கொண்டுவந்து விடுகிறவர்கள் ஏராளம்.

ஏன் இரண்டு என்றால், இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் தனியாக ஒன்றை வளர்ப்பது சட்டப்படியே கூடாது. மனிதர் எவ்வளவு கொஞ்சினாலும் இரவில் பக்கத்தில் படுக்க இன்னொரு கினிபிக் வேண்டும். துணைக்கு முயல் விடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. முயல் ஒரு உதை உதைத்தால் முதுகெலும்பு போய்விடும். அதோடு முயலுக்கு ஒன்றும் செய்யாமல் அதன் மூக்கில் குடியிருக்கும் போர்டெடெல்லா கிருமி கினிபிக்குக்கு நிமோனியா கொடுக்கும்.

இரண்டு பெண், அல்லது காயடித்த ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் நல்ல ஜோடி. காயடித்த பிறகும் ஆறு வாரம் பெண்ணிடம் விடக்கூடாது. இரண்டு ஆணும் ஒத்துப்போகும், ஆனால் இடம் தாராளமாக இருக்க வேண்டும், பெண் வாடையே படக்கூடாது.

கடை வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இந்த ஆண் பெண் விஷயம்தான். குட்டியில் பார்த்துச் சொல்வது பழகாத கைக்குச் சிரமம், அதனால் தப்பு நடக்கும். பெண் குட்டி நான்கு வாரத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்தாக வேண்டும். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடிக்கும். "இரண்டும் பெண்தான்" என்று வாங்கி வந்த வீட்டில் ஆறு மாதத்தில் பத்து உருப்படி ஆவது இப்படித்தான். அந்தப் பத்தும் கடைசியில் காப்பக வாசலுக்கு வரும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஏழெட்டு மாதம் வரை ஒருமுறையும் ஈனாத பெண்ணுக்கு இடுப்பெலும்புக் கூடல் இறுகிவிடும். அதன் பிறகு சினையானால் குட்டி வெளியே வராமல் தாயும் சாகக்கூடும். அதனால் "ஒரே ஒரு தடவை குட்டி பார்க்கலாம்" என்ற ஆசை வீட்டில் யாருக்கும் வரக்கூடாது.

கூண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரை அளவு இரண்டுக்கு 120க்கு 60 செ.மீ. குறையக்கூடாது, 150க்கு 60 இருந்தால் நிம்மதி. மாடி வைத்த கூண்டு பார்க்க அழகு, ஆனால் இவை ஏறும் பிராணி அல்ல, தரையில் ஓடுபவை. கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம், அதன் நெடி நுரையீரலுக்கு ஆகாது. துண்டை அடியில் போட்டு மேலே ஃப்ளீஸ் துணி விரி. புது ஃப்ளீஸை மூன்று நான்கு முறை துவைத்த பிறகுதான் ஈரம் கீழே இறங்கும், அதுவரை மேலேயே தேங்கும். துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் மறுபடி கெட்டுப்போகும். தினமும் புழுக்கையைக் கூட்டி எடு, மூன்று நாளுக்கு ஒருமுறை விரிப்பை மாற்று. ஒளிவதற்குத் தலைக்கு ஒரு வீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல். ஒரு வாசல் இருந்தால் ஒன்று மற்றொன்றை உள்ளே மடக்கிவிடும். ஓடும் சக்கரமும் உருளும் பந்தும் வெள்ளெலிக்கானவை, கினிபிக்கின் முதுகு அதற்கு வளையாது. கூண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். 18 முதல் 23 டிகிரி சுகம், 26 தாண்டினால் ஆபத்து. ரேடியேட்டர் பக்கத்தில் வைக்காதே. உங்கள் ஊரில் நவம்பர் 5 அன்று பட்டாசு வெடிக்கும் இரவில் திரைச்சீலையை இழுத்து மூடி, கூண்டில் வழக்கத்தைவிட அதிகமாகப் புல் போட்டுவை.

இனி தீனி. எல்லாத் தப்பும் இங்கேதான் நடக்கிறது.

உணவில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல். டிமோத்தி அல்லது மெடோ புல், பச்சை நிறமும் வாசனையும் மாறாதது. ஒவ்வொன்றுக்கும் தினமும் அதன் உடம்பளவு குவியல். தீர்ந்தே போகக்கூடாது. வைக்கோல் சரிப்படாது, சத்து கிடையாது, கண்ணில் குத்தும். 20 பல்லும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். புல் குறைந்தால் கடைவாய்ப்பல் நீண்டு நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும், பிறகு விழுங்க முடியாது. குதிரைமசால் புல்லில் கால்சியம் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் மட்டும்தான் அது.

பெல்லட் (அரைத்து அழுத்திய குச்சித் தீனி) ஒவ்வொரு கினிபிக்குக்கும் நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். விதையும் வண்ண உருண்டையும் கலந்த பாக்கெட்டை வாங்காதே, பிடித்ததைப் பொறுக்கிவிட்டு நார்ச்சத்தை ஒதுக்கிவிடும்.

வைட்டமின் சி பற்றி நன்றாகக் கேள். நம்மைப் போலவே கினிபிக்கின் உடம்பும் அதைத் தயாரிக்காது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிஷ் இருவரும் தானியம் மட்டும் கொடுத்து வளர்த்த கினிபிக்குகளுக்கு, வைட்டமின் சி குறைவால் மாலுமிகளுக்கு வந்த அதே ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். அந்த நோய் அறியப்பட்ட வரலாற்றில் அது பெரிய திருப்பம். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், சினைக்கும் நோயாளிக்கும் அதற்கு மேல். பெல்லட்டில் சேர்த்திருப்பார்கள், ஆனால் அரைத்து 90 நாளில் வீரியம் போய்விடும். தயாரித்த தேதி பார்த்துச் சின்னப் பையாக வாங்கு, மலிவு என்று பெரிய மூட்டை வாங்காதே. தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வீண். வெளிச்சத்தில் அழிந்துபோகும், ருசி மாறியதால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். சுலப வழி சிவப்புக் குடைமிளகாய்: 25 கிராம் துண்டில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் இருக்கிறது. காலையில் ஆளுக்கொரு துண்டு, விதை நீக்கி. குறைந்தால் எப்படித் தெரியும்? முடி சிலிர்த்து நிற்கும், நகரத் தயங்கும், மூட்டு வீங்கும், தூக்கினால் வலியில் கத்தும்.

கூடவே ஒரு கோப்பை கீரை, காய். கொத்தமல்லித் தழை, ரோமைன் கீரை, வெள்ளரி தாராளமாகத் தரலாம். பாலக்கும் பார்ஸ்லியும் வாரம் ஒருமுறை. ஈஸ்ட் ஹாமில் நம் ஊர்க் கடைகள் பக்கம் போனால் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் வாங்கி வருவாய், அதில் ஒரு கைப்பிடி இவற்றுக்கும் போடத் தோன்றும். போடாதே. கால்சியம் மிகுந்தவை, தினசரி தின்றால் சிறுநீர்ப்பையில் கல் சேரக் காரணமாகும். பழம் வாரம் ஒருமுறை சிறு துண்டு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, ருபார்ப் கூடவே கூடாது. சோறு, சப்பாத்தி, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். பாட்டி கை பரபரக்கும் என்று உனக்குத் தெரியும், நான் வந்தாலும் தடுத்துவிடு. தோட்டத்துப் புல்லைக் கத்தரியால் நறுக்கிப் போடலாம். மெஷினில் வெட்டிய புல் குவிந்து சூடேறிப் புளித்துவிடும், வயிறு ஊதும். புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக. தன் குதத்திலிருந்து மென்மையான புழுக்கையை எடுத்துத் தின்பதைப் பார்த்து நிலா முகம் சுளிப்பாள். அது தேவை, தடுக்க வேண்டாம்.

நோயை மறைப்பதில் கினிபிக் கெட்டிக்காரி. வெளியே தெரியும்போது நோய் பாதி முற்றியிருக்கும். அதனால் சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்று ஒதுக்கு. ஞாயிறு காலை, தீனிக்கு முன், ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து எடை பார்த்து நோட்டில் எழுது. இந்த வேலையை நிலாவிடம் கொடுக்கலாம், பக்கத்தில் நீ நில். 50 கிராம் குறைந்தால் தினமும் எடை பார். 100 குறைந்தால் டாக்டர். 12 மணி நேரம் தின்னாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திராதே, குடல் நின்றுவிடும். மூக்கிலோ கண்ணிலோ பொருக்கு, மூச்சில் சத்தம், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் கழிக்கும்போது கீச்சென்று கத்துவது, இவையும் அன்றைக்கே காட்ட வேண்டியவை. பெண்ணுக்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்தால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். வெறித்தனமாகச் சொறிந்து வலிப்பே வந்தால் அது சொறிப்பூச்சி. ஐவர்மெக்டின் மருந்து நன்றாகக் கேட்கும், ஆனால் எடைக்கேற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாய் பூனைக்கான சொட்டு மருந்தை ஊற்றாதே.

எல்லா நாய் பூனை டாக்டருக்கும் இந்தப் பிராணி பழக்கமில்லை. கினிபிக் பார்க்கிறவரைப் பிராணி வருவதற்கு முன்பே தேடி வை. மருந்து எழுதும்போது ஒன்று மட்டும் கேள்: வாய்வழி பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் இவற்றில் எதுவும் இல்லையே? அவை குடலிலுள்ள நல்ல கிருமியைக் கொன்றுவிடும், அந்த இடத்தைக் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பிடித்து விஷமாக்கும். சில நாளில் சாகும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் எண்ணமே கூடாது.

தின்னாதபோது கையால் ஊட்டத் தெரிந்திருக்க வேண்டும். கிரிட்டிக்கல் கேர் என்று நோயுற்ற பிராணிக்குக் கரைத்து ஊட்டும் பொடி ஒரு பை வாங்கி வை. வெதுவெதுப்பான தண்ணீரில் கஞ்சிப் பதத்துக்குக் கரை. கினிபிக்கைத் துண்டில் சுற்றி, முகம் உன் கைக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி மடியில் வை. முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கும், 1 மில்லி சிரிஞ்சின் முனையை அதன் வழியே பக்கத்திலிருந்து நுழை. அரை மில்லி விடு. மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. தலையை மேலே நிமிர்த்தாதே, அவசரப்படாதே, நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை டாக்டர் எடை பார்த்துச் சொல்வார்.

காப்பகத்துக்கு வருவோம். உன் ஊரில் ஆர்.எஸ்.பி.சி.ஏ., ப்ளூ கிராஸ், வுட் கிரீன் என்ற மூன்று பிராணி நல அமைப்புகளுமே கினிபிக்கைத் தத்துக் கொடுக்கின்றன. (சென்னையில் நமக்குத் தெரிந்த ப்ளூ கிராஸ் தனி அமைப்பு, பெயர் மட்டும்தான் ஒன்று.) வீட்டுக் கொட்டகையில் இருபது முப்பது உருப்படிகளை வைத்துப் பார்க்கிற தனி ஆட்களும் நிறைய. நல்ல இடமா என்று தெரிய அவர்கள் உன்னைக் கேட்கும் கேள்வியைக் கவனி: கூண்டு அளவு என்ன, படம் அனுப்ப முடியுமா, எந்த டாக்டர், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். இதெல்லாம் கேட்காமல் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் எடுக்காதே. நீ கேட்க வேண்டியவை: வந்ததும் தனியறையில் எத்தனை நாள் வைத்தார்கள் (இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்), எடைக் குறிப்பு இருக்கிறதா, ஆண் பெண் யார் பார்த்துச் சொன்னது, பின்னால் முடியாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா. அவர்களே குட்டி போட வைத்து விற்றால் அது காப்பகம் அல்ல. தத்துக் கட்டணம் கேட்டால் முணுமுணுக்காதே, ஒரு காயடிப்புச் செலவுக்குக்கூட அது பெரும்பாலும் காணாது.

இரண்டில் ஒன்று முந்திப் போய்விட்டால் மிச்சமிருப்பதை அந்தக் காப்பகத்துக்கே எடுத்துப்போ. பலர் அங்கேயே வைத்துப் புதுத் துணையைப் பழக்கித் தருவார்கள். துரத்துவதும் உறுமுவதும் இயல்பு. முடி சிலிர்த்துப் பல்லைக் கடகடவென்று அடித்துப் பாய்ந்தால்தான் சண்டை. கையை நுழைக்காமல் துண்டைப் போட்டுப் பிரிப்பார்கள்.

கடையில் நெரிசலில் கிடக்கும் ஒன்றைப் பார்த்து மனசு பொறுக்காமல் "காப்பாற்றப்" பணம் கொடுக்காதே. அடுத்த வாரம் அதே இடத்தில் வேறொன்று கிடக்கும். "இலவசமாகத் தருகிறோம்" விளம்பரம் கண்ணில் பட்டால் போட்டவருக்குக் காப்பக எண்ணைக் கொடு. இலவசமாகப் போகும் பிராணி பாம்பு வளர்ப்பவரின் கைக்கும் போகலாம்.

உதவ நினைத்தால் முதலில் கேட்டுவிட்டுச் செய். பொம்மையும் சின்னக் கம்பளியும் குவிந்து கிடக்கும், உலர்புல் கட்டுக்கும் டாக்டர் பில்லுக்கும்தான் தட்டுப்பாடு. வருடத்துக்கு ஒருமுறை பெரிய தொகை கொடுப்பதைவிட, மாதாமாதம் ஐந்து பவுண்டு தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடு, அதை நம்பி அவர்கள் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்க முடியும். கார் இருப்பதால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கேட்பார்கள். பழைய துண்டு, செய்தித்தாள் எப்போதும் ஆகும். காலியான டாய்லெட் பேப்பர் குழாயை நீளவாக்கில் வெட்டிப் புல் திணித்து அனுப்புவது நிலா கைக்கு ஏற்ற வேலை. வெட்டாத குழாயில் தலை மாட்டிக்கொள்ளும்.

ஜூலையில் நீங்கள் இங்கே வரும் நான்கு வாரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையனை நம்பாதே. சில காப்பகங்கள் கட்டணத்துக்கு விடுமுறைக் காலத்தில் பார்த்துக்கொள்கின்றன, அந்தப் பணமும் மற்ற பிராணிகளுக்கே போகும். எடை நோட்டையும், தின்கிற பெல்லட்டில் ஒரு பையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வா. பள்ளி விடுமுறையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட் போடுவதற்கு முன்பே பேசி வை.

அன்புடன்,
அம்மா