பழைய சுவரில் துளை போடுவது பற்றி, வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு சுவரில் துளை போட்டு டிவி, கெய்சர் மாட்டித் தரும் எங்கள் கடையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கோ பூட்டிய வீட்டைத் திறந்தால் கரண்ட்காரருக்கு அடுத்து எங்களுக்குத்தான் போன் வரும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. டிவி மாட்ட நாலு துளை போடுவதற்குக் காலைப் பொழுது முழுக்க எடுத்துக்கொண்டோமாம். சுவர் சரியில்லை என்று பயங்காட்டி, விலை கூடின பசையைத் தலையில் கட்டிவிட்டோமாம். பேசியது எங்களுக்கு ரொம்ப வேண்டிய ஆச்சிதான். நேரம் ஆனது உண்மை, அதை மறுக்கவில்லை. பயங்காட்டினோம் என்றதுதான் மனசைக் குடைகிறது.

ஆச்சி வீட்டுச் சுவரை யாரும் குறை சொல்லவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு. இன்றைக்கும் முகம் தெரிகிறது. ஆனால் அது பல பூச்சாக ஏறியது, சில இடங்களில் ஓர் அங்குலத்தைத் தாண்டும். புது வீட்டு சிமெண்ட் சுவருக்கு வாங்குகிற சின்ன பிளக்கை (திருகாணி பிடிக்கத் துளைக்குள் செருகுவது) இங்கே அடித்தால் அது செங்கல்லைத் தொடாமல் சுண்ணாம்பிலேயே நின்றுவிடும். சாமி படத்துக்கு அது போதும். டிவியை முன்னால் இழுத்துத் திருப்புகிற ஸ்டாண்டுக்குப் போதாது.

அதனால் டிரில் மிஷினில் இடித்து இடித்துத் துளைக்கிற ஹேமர் பட்டனை அணைத்துவிட்டு, மெருகு சில்லு தெறிக்காமல் இருக்க டேப் ஒட்டி, மெதுவாகத்தான் இறக்குவோம். அதிர்வு கொடுத்தால் பூச்சு செங்கல்லை விட்டுக் கிளம்பிவிடும். அப்புறம் தட்டினால் 'டொக் டொக்' என்று உள்ளே காலியாக இருப்பது கேட்கும். துளை போடும்போது முதலில் வெள்ளைத் தூள் விழும், செங்கல் வந்ததும் சிவப்பாக மாறும். ஆச்சி வீட்டில் ஒன்றரை அங்குலம் போயும் வெள்ளைதான். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் கீழே காகிதம் பிடித்துக்கொண்டு நின்றார், அவரையே கேட்கலாம். மிஷின் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சரி, ஸ்டாண்டின் துளையை நம் வசதிக்கு நகர்த்த முடியுமா?

முறுக்க முறுக்க விரிகிற இரும்பு ஆங்கர் போல்ட்டை அங்கே போட்டால் அது பிடிப்பில்லாமல் சுற்றும், இல்லையென்றால் பக்கத்துச் செங்கல்லைப் பிளக்கும். வலை போல ஓட்டையுள்ள சின்னக் குழாயைத் துளைக்குள் செருகி உள்ளே பசையை நிரப்பினால் சுவரை விரிக்காமல் பிடித்துக்கொள்ளும். பசை இறுகும்வரை பாரம் ஏற்றக் கூடாது. காலைப் பொழுது போனது அதில்தான். அந்தப் பசையில் எங்களுக்குப் பெரிய லாபமும் கிடையாது.

கெய்சர் விஷயத்திலும் இதே மனத்தாங்கல் சிலருக்கு உண்டு. 25 லிட்டர் கெய்சரில் தண்ணீரே 25 கிலோ, தொட்டி எடை தனி. சுவர் தாங்காது என்று தெரிந்தால் தரையிலிருந்து இரும்புச் சட்டம் கொடுக்கச் சொல்கிறோம். சட்டம் நாங்கள் விற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கிடையில், சுண்ணாம்புச் சுவரின் நாடி பிடிக்கத் தெரிந்த எங்கள் மூத்த மிஷின்காரர் மகனோடு திருப்பூர் போய்விட்டார். இப்போதிருக்கும் பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் சிமெண்டில் பழகியவர்கள். அதனால் பழைய வீடுகளுக்கு நானே கூட வருகிறேன். டிரில் பிட், பசை எல்லாம் விலை ஏறியிருப்பதால் தை முதல் தேதியிலிருந்து கூலியும் மாறுகிறது; பட்டியல் கடையில் இருக்கிறது. வந்து பார்ப்பதற்கான கட்டணம் வேலைக் கூலியில் கழியாது, மெருகு பெயர்ந்தால் ஒட்டுவேலை தனி.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும், "நீ வந்து பார்த்தால்தான் ஆணி அடிப்போம்" என்று சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன குடும்பங்கள் இருக்கின்றன. அப்பா காலத்து வாடிக்கை அது. உங்களுக்கெல்லாம் மனமார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோள். பழைய ஆணி ஓட்டைகளைப் பெயிண்டர் சிமெண்ட் வைத்து அடைக்க விடாதீர்கள். சுண்ணாம்பைவிட அது கெட்டி, ஈரத்தையும் வெளியே விடாது; மழைக்காலம் முடிந்ததும் ஓரத்தில் உப்பிக்கொண்டு வரும். பெயிண்ட் வேலை ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால், நீற்றிய சுண்ணாம்போடு வந்து அடைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்