கரன்ட் பில்லை முன்வைத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என இந்த ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தையொட்டிப் பல குடும்பங்கள் வீடு மாறுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கையில் காசில்லாத அந்தக் கோடையில்தான் மின்விசிறி இரவும் பகலும் ஓடுகிறது. முன்பு இருந்தவர்கள் ஓட்டிய விசிறிக்கு, புதிதாகச் சாமான் இறக்கிய குடும்பம் பணம் கட்டுவது அநியாயம். அதைத் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

எரிவாயு இணைப்பைக் குடியிருப்பவர் தம்மோடு மாற்றிக்கொண்டு போகலாம். மின் இணைப்பு உங்கள் பெயரில் வீட்டோடு நிற்கிறது. பாக்கி இருந்தால் அதுவும் நிற்கிறது. கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் குடும்பம் மாறினாலும் வருவது ஒரே பில்தான். பழைய குடும்பம் 400 யூனிட், புதிய குடும்பம் 160 யூனிட் செலவழித்ததாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் இருவருமே 500-க்குள். சேர்ந்தால் 560. 500-ஐத் தாண்டிய பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் நீடிக்கும். ஆனால் 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலை போய்விடும், மேலே உள்ள 60 யூனிட்டுக்கு இன்னும் கூடுதல் விலை.

ஆகவே சாவி கைமாறும் நாளில் வீட்டுக்காரர், போகிறவர், வருகிறவர் மூவரும் மீட்டர் முன் நின்று எண்ணைப் படியுங்கள். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கியிருந்தால் துடைத்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுங்கள். தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். பில் வந்ததும் தொகையை அவரவர் யூனிட்டுக்கு ஏற்பப் பிரித்தால் போதும்: மேலே சொன்ன கணக்கில் ஏழு பங்கில் ஐந்து பழையவருக்கு, இரண்டு புதியவருக்கு. இலவச யூனிட்டின் பயனும் அதே அளவில் பிரிந்துவிடும். இதற்காகப் போகிறவரின் அட்வான்ஸ் முழுவதையும் நிறுத்தி வைக்காதீர்கள். அடுத்த வீட்டுக்கு அவர் கொடுக்க வேண்டிய முன்பணம் அதுதான். பில்லுக்கு ஆகக்கூடிய தொகையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பில் பதிந்திருக்கும் கைப்பேசி எண்ணையும் அன்றே மாற்றிவிடுங்கள். பழையவரின் எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தால், கெடு தாண்டியது தெரியாமலே புதியவர் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்படும். 2022 இறுதியில் ஆதாரை இணைக்கச் சொன்னபோது குடியிருப்பவர்கள் பலர் தங்கள் ஆதாரையே இணைத்தார்கள். அது யாருடையது என்பதையும் பாருங்கள். குடியிருப்பவரின் ஆதார் இணைந்திருப்பதால் வீட்டின் உரிமை யாருக்கும் மாறிவிடாது. அந்தப் பயம் வேண்டாம்.

சப்-மீட்டர், அதாவது உங்கள் இணைப்பிலிருந்தே குடியிருப்பவரின் செலவை மட்டும் அளக்கும் மீட்டர், வைத்திருப்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அரசு தரும் 100 யூனிட் இலவசத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, குடியிருப்பவரிடம் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பில்லைக் காட்டி வாங்குங்கள். வாடகைத் தகராறு வந்தால் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தவும் கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், குழந்தைகள் இருக்கும் வீட்டை நீங்கள் இருட்டாக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

இந்த ஜூனில் உங்கள் வீட்டுக்குக் குடிவருகிறவரிடம் சாவியோடு கடைசி பில்லையும் மீட்டர் கணக்கு எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவன்