சம்பளம் இல்லாத எழுத்து: ஆரையம்பதி அண்ணனுக்கு

ஸ்காபரோ,
கனடா.

அன்புள்ள அண்ணன்,

உங்கள் கடிதமும் அதற்குள் மருமகள் கீறி வைத்திருந்த தோணிப் படமும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் நோவு குறைந்திருக்கிறது என்று அறிந்து நிம்மதி. நாங்கள் எல்லாரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. காலைச் சிப்ட் என்றால் விடியமுன் எழும்பிப் பஸ் பிடிக்க வேண்டும். அதே முதியோர் இல்லத்தில்தான் வேலை.

நீ கதை எழுதுகிறாயாமே, கையில் ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். காசு கிடைப்பதில்லை அண்ணன். கடதாசியும் முத்திரையும் என் செலவு. ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்து எனக்குக் கிடைத்தவற்றில் பெரியது இதுதான். மச்சாள் போனில் கேட்டபோது சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

விஞ்ஞானக் கதை வாசிக்கிற ஆட்களுக்கு இங்கே ஒரு தனி உலகம் இருக்கிறது. அது விலாசங்களில் இருந்து பிறந்தது. 1926இல் நியூயோர்க்கில் ஹியூகோ கேர்ன்ஸ்பேக் என்பவர் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை முழு விலாசத்தோடு போட்டார்கள். அந்த விலாசத்தைப் பார்த்து ஆளுக்காள் நேரடியாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்கு ஊர் கழகம் வந்தது. 1930இல் சிக்காகோவில் 'த கொமெட்' என்று தாங்களே ஓர் இதழை அடித்தார்கள். ரசிகர் இதழ்களில் முதலாவதாக அதைத்தான் சொல்வார்கள். 1939இல் நியூயோர்க்கில் முதல் உலக மாநாடு. ஏறத்தாழ 200 பேர் வந்தார்கள், பலருக்கு இருபது வயதும் ஆகியிருக்கவில்லை.

அடித்தார்கள் என்றால் அச்சகத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சோதனைத் தாள் அடிக்கிற ரோணியோ மெசின் இருந்ததே, அதே சங்கதி. மெழுகு ஸ்டென்சிலில் டைப் பண்ணி, மை உருளையில் சுற்றி, கைபிடியைச் சுழற்றித் தாள் தாளாக எடுப்பது. அதற்கும் வசதி இல்லாதவர்கள் ஜெலட்டினைத் தட்டில் உறையவைத்து, அதில் ஊதா மையைப் படியவிட்டு, கடதாசியை ஒற்றி எடுத்தார்கள். சில பத்துப் பிரதிகள் எடுத்ததும் எழுத்து மங்கிவிடும்.

இந்த இதழ்களுக்குச் சந்தா கட்டத்தான் வேண்டும் என்றில்லை. வாசித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினால் அடுத்த இதழ் வீடு தேடி வரும். ஒரு கட்டுரை, ஒரு படம், அல்லது நீங்கள் அடிக்கிற இதழின் ஒரு பிரதி அனுப்பினாலும் சரி. கடதாசியில் வருகிறவை இப்போது குறைவு, பெரும்பாலும் ஈமெயிலில் அனுப்புகிறார்கள். வழக்கம் மட்டும் மாறவில்லை: எழுத்துக்குக் கூலி எழுத்துத்தான்.

இதை முதலில் கேள்விப்பட்டபோது உங்கள் கையெழுத்துப் பத்திரிகைதான் மனதில் வந்தது. ஒரே ஒரு பிரதி. தடித்த அட்டை போட்ட கொப்பி, ஓரத்தில் பூவேலை, தலைப்புகளுக்குச் சிவப்பு மை. வீடு வீடாகப் போய் மாசக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும். கடைசிப் பக்கங்களை வாசகர் கருத்துக்கென்று வெறுமையாக விட்டிருப்பீர்கள். அவை நிரம்பி, விளிம்பிலும் எழுதி வந்திருக்கும். நான் சின்னப் பிள்ளை. கதை விளங்காது, ஆனால் அந்தக் கருத்துகளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஒருவர் கவிதையைக் கிழித்திருப்பார், அடுத்தவர் அவரைக் கிழித்திருப்பார். 1990க்குப் பிறகு நீங்கள் பேனையைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இங்கே டொரண்டோவில், கொலிஜ் வீதியில் மாநகர நூலகக் கிளை ஒன்று இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் சிறகு வைத்த மிருகச் சிலைகள். மூன்றாம் மாடியில் மெரில் தொகுப்பு என்ற பகுதி. யூடித் மெரில் அமெரிக்க எழுத்தாளர். வியட்நாம் போரை எதிர்த்து 1968இல் கனடாவுக்கு வந்து குடியேறியவர். 1970இல் தன்னிடம் இருந்த ஏறத்தாழ 5000 புத்தகங்களையும் இதழ்களையும் இந்த நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அது உலகிலேயே பெரிய விஞ்ஞானப் புனைகதைத் தொகுப்புகளில் ஒன்று. வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். லீவு நாளில் பஸ், சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார் என்று மாறிப் போவேன். பழைய ரசிகர் இதழ்களும் அங்கே உண்டு. மக்கிப்போன தாள், துருவேறிய ஸ்டேப்பிள். எண்பது வருசத்துக்கு முன் ஒரு பொடியன் தன் வீட்டு மேசையில் இருந்து அடித்ததை ஒரு நகரம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது அண்ணன். நம்முடைய எத்தனை கொப்பிகள் வெள்ளத்தோடும் புயலோடும் போயின! எனக்கு அங்கே இருக்கும்போது சந்தோசமும் வரும், கோபமும் வரும்.

கொழும்பில் இருந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இந்த ரசிகர் இதழ்களில் இருந்து வந்தவர்தான். 1956இல் திருகோணமலைக் கடலுக்குள் சுழியோடிக் கோணேசர் கோயிலின் கற்றூண்களைப் பார்த்தவர் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். 1930களில் அவர் லண்டனில் அரசாங்கக் கணக்காய்வு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ரசிகர் இதழ்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பூமியில் இருந்து பார்த்தால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிற செய்மதிகளைக் கொண்டு உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியபோது அவருக்கு வயது 27. அந்தச் செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. உங்கள் வீட்டுக் கூரையில் இருக்கிற டிஷ் அன்டனா பார்த்துக்கொண்டிருப்பதும் அப்படி ஒன்றைத்தான்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் கிளார்க் இல்லை, பெல்பாஸ்டில் இருந்த வோல்ட் வில்லிஸ். வட அயர்லாந்தில் அரசாங்க உத்தியோகத்தர். 1948இல், ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, கைஅச்சில் ஓர் ரசிகர் இதழை அடிக்கத் தொடங்கினார். அவருடைய எழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக, கண்ணால் காணாத அமெரிக்க ரசிகர்கள் காசு சேர்த்து, 1952இல் சிக்காகோ மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். அதைப் பின்பற்றி வந்த நிதி இன்றும் இருக்கிறது. அத்திலாந்திக்கைக் கடக்கும் ரசிகரை வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். வில்லிஸ் 1999இல் இறக்கும்வரை தொழில் எழுத்தாளர் ஆகவில்லை. அவர் எழுதியதை இன்றும் தேடி வாசிக்கிறார்கள். இந்த எழுத்தைத் தொழிலுக்கு ஏறுகிற ஏணியாக மட்டும் பார்ப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. படுவான்கரையில் பகல் முழுக்க வயலில் நின்றவர் இரவில் கூத்துக் களரியில் முடி வைத்து அரசனாக ஆடுகிறாரே, அவரை யாராவது அமெச்சூர் என்று குறைத்துப் பேசுவார்களா? மாசக்கணக்காகப் பழகி, உடுப்புக்கும் தாங்களே காசு போட்டு, விடியவிடிய ஆடுகிறார்கள். அண்ணாவியார் தாளம் தப்பினால் விடவும் மாட்டார். இங்கே நல்ல ரசிகர் இதழ் ஆசிரியரும் அப்படித்தான். காசு இல்லை என்பதற்காக எழுத்தில் சலுகை கிடையாது.

மாநாடுகளுக்கும் போகிறேன். வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை ஒரு ஹோட்டலில் நடக்கும். வாசலில் பெயர் அட்டை கொடுப்பவரில் இருந்து கதிரை அடுக்குபவர் வரை எல்லாரும் தொண்டர்கள். ராவில் ஓர் அறையில் வட்டமாக இருந்து, தெரிந்த மெட்டுக்கு விண்வெளிப் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கல்லடிப் பாலத்துக்குக் கீழே, வாவியின் அடியில் ஒலிவாங்கி ஒன்றை வைத்துவிட்டு, தண்ணீருக்குள் இருந்து வருகிற பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பொம்பிளைப் பிள்ளையின் கதை. காலம் இன்னும் நூறு வருசம் கழித்து; கடல் உயர்ந்து, கரையோரத்து நாவலடி இல்லாமல் போயிருக்கிறது. பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்ற நம் ஊர்ச் சண்டையையும் உள்ளே வைத்தேன். இங்குள்ள ஒரு சின்ன இதழில் வந்தது.

அடுத்த இதழில் அல்பர்ட்டாவில் இருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் நீளக் கடிதம் எழுதியிருந்தார். தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் தாழ்ந்த சுருதி தூரம் போகாது. இரண்டு மீற்றர் ஆழம், அடி பாறைபோலக் கெட்டி என்று வைத்துக்கொண்டால், 190 ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலி கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். சேறு என்றால் கணக்கு மாறும். ஆகவே, உங்கள் பாலத்தடியில் உண்மையான ஆழம் என்ன, அடி மணலா சேறா, எந்த இடத்தில் சத்தம் நின்றுபோகிறது என்று கேட்டிருந்தார். பஸ்ஸில் இருந்து அதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மட்டக்களப்பை வரைபடத்திலும் பார்த்திராத ஒரு மனிதர், நம் வாவிக்குப் பென்சில் பிடித்துக் கணக்குப் போட்டிருக்கிறார். எந்தக் காசு இதற்கு ஈடாகும்?

அவருக்குப் பதில் எழுத வேண்டியவர் நீங்கள். வருகிற பறுவத்துக்குத் தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவரோடு தோணியில் போங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற முனையைக் காதில் வைத்துக் கேளுங்கள். தூணுக்குத் தூண் கயிறு விட்டு ஆழம் பாருங்கள், அடியில் என்ன என்று கிளறிப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள். பிறகு, முந்தி எழுதிய மாதிரியே தமிழில் எழுதி அனுப்புங்கள். நானும் ஓர் இதழ் தொடங்குகிறேன். உங்கள் தமிழை ஒரு பக்கத்திலும் என் ஆங்கில மொழிபெயர்ப்பை எதிர்ப்பக்கத்திலும் போடுவேன். கடைசிப் பக்கங்கள் வாசகர் கருத்துக்கு.

மருமகளிடம் அட்டைக்குப் படம் கீறித் தரச் சொல்லுங்கள். கறுப்பு மையில் மட்டும் கீற வேண்டும், கறுப்பு வெள்ளையில்தான் ஃபோட்டோக் கொப்பி எடுப்பேன். தை பிறக்கமுன் கிடைத்தால் முதல் இதழுக்குச் சேரும்.

அம்மாவுக்கும் மச்சாளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கச்சி