இசை மென்பொருள் நிறுவனங்களுக்கு: வாங்கியது திறக்க வேண்டும்

இசை மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றை இங்கே விற்கும் டீலர்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

சென்னையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்துகிறேன். உங்கள் மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்குகிறவன். உரிமத்தைச் சரிபார்க்க டாங்கிளா (கணினியில் செருகும் சின்ன உரிமச் சாவி), ஆன்லைன் ஆக்டிவேஷனா (இணையம் வழியாக உரிமத்தைத் திறப்பது) என்ற பேச்சு உங்களுக்குப் புதிதல்ல. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அது எங்கள் தலையில்தான் விடிகிறது என்பதால் எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: நாங்கள் வாங்கிய மென்பொருள், இணையம் இல்லாத இடத்திலும் உங்கள் சர்வர் இல்லாத காலத்திலும் திறக்க வேண்டும்.

கோயில் கொடை விழாக் காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வில்லுப்பாட்டு பதிவு செய்யப் போயிருந்தோம். பாடுகிற அம்மாவுக்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, வில்லில் கட்டிய மணிகளுக்குத் தனியாக ஒன்று. எல்லாம் தனித்தனி ட்ராக்கில் விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தோம். லேப்டாப்பைத் திறந்தால், உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையுங்கள் என்று ஒரு கட்டம் வந்து நிற்கிறது. முந்தின நாள் ஸ்டுடியோவில் ஒழுங்காகத் திறந்த அதே மென்பொருள், அதே லேப்டாப். ஊரில் சிக்னல் இல்லை. மொட்டை மாடிக்குப் போய் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம், கட்டம் அசையவில்லை. குழுவினருக்கு அன்று மாலை வேறொரு ஊர்க் கொடையில் நிகழ்ச்சி. "சாமிக்கு நேரமாயிருச்சுய்யா" என்று அந்த அம்மா எழுந்தபோது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. கையடக்க ரெக்கார்டரை நடுவில் வைத்து ஒரே ஒரு கதைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம். எல்லாம் சேர்ந்து இரண்டு ட்ராக்கில் கிடக்கிறது. அவர் குரல் தாழும் இடங்களில் எல்லாம் உடுக்கை மேலே ஏறி நிற்கிறது. குரலைத் தூக்கினால் உடுக்கையும் கூடவே வருகிறது. இதை எந்தப் பிளக்இன் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) போட்டும் முழுதாகச் சரிசெய்ய முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

டாங்கிள் இருந்திருந்தால் அன்று வேலை நடந்திருக்கும். அதற்காக டாங்கிளே தேவலை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆட்டோவில் தவறவிட்டால் போச்சு, லேப்டாப் பையில் இடித்து முனை உடைந்தால் போச்சு. தொலைந்தால் உடனே மாற்று உரிமம் கிடைக்க ஆண்டுக் கட்டணத் திட்டம் விற்கிறார்கள். நான் வாங்கிய பொருளுக்கு நானே வருடா வருடம் காப்பீடு கட்ட வேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம், அடாரி கணினிக் காலத்திலிருந்து டாங்கிளோடு வந்த தன் கியூபேஸ் பதிவு மென்பொருளை 2022இல் அதிலிருந்து விடுவித்தது, நல்ல காரியம். ஆனால் 2025 மே மாதம், அந்த டாங்கிள் உரிமங்களைக் கையாண்ட இலைசென்சர் சேவையையே மூடிவிட்டதால், பழைய பதிப்பை நம்பியிருப்பவரின் டாங்கிள் இப்போது பழுதானால் அந்த உரிமத்தை மீட்க வழியில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய செஷனை (பதிவுக் கோப்பை) திறந்து கொடுங்கள் என்று தயாரிப்பாளர் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

திருட்டைத் தடுக்கத்தான் இவ்வளவும் என்கிறீர்கள். கிராக் போட்டவன் லேப்டாப்பில் அந்தக் கட்டமே வருவதில்லை. காத்துக் கிடப்பது பில் வைத்திருக்கிறவன் மட்டும்தான். இதில் விலை டாலரில். ரூபாய் சரியச் சரிய எங்களுக்கு ஏறிக்கொண்டே போகிறது. 2023 மார்ச்சில் பிளக்இன் நிறுவனமான வேவ்ஸ், இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு சில நாட்களிலேயே பின்வாங்கியதையும் பார்த்தோம். நாங்கள் சத்தம் போட்டால்தான் காது கேட்கும் என்றால், அமைதியாகக் காசு கட்டுகிறவனுக்கு என்ன மரியாதை?

சரி, சந்தா தனிக்கதை. என் கோரிக்கைக்கே வருகிறேன்.

முடியாததைக் கேட்கவில்லை. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில், இணையம் இல்லாத கணினியின் குறியீட்டை இணையம் உள்ள வேறொரு கணினியில் கொடுத்து, கிடைக்கும் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து உரிமத்தைத் திறந்துகொள்ளலாம். வேவ்ஸ் உரிமத்தைச் சாதாரண பென் டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளுக்கு ஒரு சின்ன உரிமக் கோப்பு போதும். இவர்கள் யாரும் கடையை மூடிவிடவில்லை.

ஆகவே தயவுசெய்து மூன்று ஏற்பாடுகளைச் செய்யுங்கள். டாங்கிள், ஆன்லைன் இரண்டோடும் ஆஃப்லைன் ஆக்டிவேஷனையும் கொடுங்கள். ஒருமுறை திறந்த கணினியில் மறுபடி மறுபடி சரிபார்க்கக் கேட்காதீர்கள். எந்த சர்வரை மூடுவதாக இருந்தாலும், அதற்கு முன்பே அந்தப் பதிப்புகள் தானாகத் திறக்கும்படி கடைசியாக ஓர் அப்டேட் வெளியிடுங்கள். வாங்கியது திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

டீலர்களிடம் ஒரு வேண்டுகோள்: பில் போடும்போது, இந்த மென்பொருள் இணையம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்பதையும் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். அடுத்த கொடைக்கு அதே ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரெக்கார்டிங் இன்ஜினியர்