யோபுவைப் பார்க்க வந்த மூன்று பேர்

மெஞ்ஞானபுரம்,
ஞாயிறு இரவு.

அன்பு மகள் கிரேஸுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் யோனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. போன் செய்தால், "எல்லாரும் நலம், அப்புறம் பேசுகிறேன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஈஸ்டருக்குப் பிறகு அந்த அப்புறம் வரவே இல்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரையைத் தவறவிட நான் விடுவதில்லை. மாப்பிள்ளையையும் பிரஷர் மாத்திரையை வேளைக்குச் சாப்பிடச் சொல். மாத்திரை என்பது நினைத்தால் சாப்பிட்டு, நினைத்தால் விட்டுவிடுகிற காரியமில்லை. அசனப் பண்டிகைக்கு வரி எழுதியாயிற்று. உன் பெயரிலும் கொடுத்திருக்கிறோம். கீழவீட்டுப் பெரியம்மா உன்னைக் கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வது?

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த மாதம் வேதபாடம் நடத்தும் முறை எனக்கு வந்தது. வேதாகமத்தில் யோபுவின் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் நீ அதன் முதல் அதிகாரத்தைத் தடுமாறாமல் ஒப்புவித்து வாங்கிய எவர்சில்வர் டம்ளரில்தான் அப்பா இன்றைக்கும் காப்பி குடிக்கிறார். வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குக் கிளம்பாமல் உட்கார்ந்து தேடுகிறவள் நீ என்று மாப்பிள்ளை சொன்னபோது, எங்கள் பிள்ளை ஆயிற்றே என்று அப்பாவுக்கு மீசை துடித்தது. அப்படிப்பட்டவள் வேதவசனத்தை மட்டும் யாரோ மைக்கில் சொல்லக் கேட்டு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? முன் வசனம், பின் வசனம் பார்க்க வேண்டாமா? சரி, விடு. யோபுவுக்கு வருகிறேன்.

அந்த அதிகாரத்தில் சாத்தான் எங்கிருந்து வருகிறான் என்று கேட்டேன். பாதாளத்திலிருந்து என்றார்கள். வாசிக்கச் சொன்னேன். தேவபுத்திரர் கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்கிறார்கள்; சாத்தானும் அவர்கள் நடுவிலே வந்து நிற்கிறான். கொம்பும் இல்லை, வாலும் இல்லை. பூமியெங்கும் சுற்றித்திரிந்து வந்தேன் என்று கணக்குச் சொல்கிறான். எங்கள் பள்ளிக்கூடத்திற்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி மாதிரி, நன்றாக நடக்கிற இடத்திலும் எங்கே ஓட்டை என்று தேடுவதே அவனுடைய உத்தியோகம். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று கேட்கிறான். சும்மாவா பக்தியாய் இருக்கிறான் என்று அர்த்தம். உத்தரவு வாங்காமல் ஓர் ஆட்டைக்கூட அவன் தொடவில்லை.

சகரியா மூன்றாம் அதிகாரத்திலும் அதே உத்தியோகம்தான். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். அவனுக்கு வலதுபக்கத்தில் சாத்தான், குற்றம் சொல்லத் தயாராக. கர்த்தர் சாத்தானைக் கடிந்துகொள்கிறார். யோசுவாவுக்கு வேறு வஸ்திரம் உடுத்துவிக்கிறார். அழுக்கு எப்படி ஏறியது என்று அங்கே ஒரு விசாரணையும் நடக்கவில்லை. தாவீது ஜனங்களை எண்ணின கதையையும் பார். இரண்டாம் சாமுவேல் கர்த்தருடைய கோபம் மூண்டு தாவீது ஏவப்பட்டான் என்கிறது. அதே கதையை நாளாகமம் சொல்லும்போது ஏவினவன் சாத்தான் என்கிறது. ஒரே சம்பவத்தை வேதமே இரண்டு விதமாகச் சொல்லும்போது, எல்லாவற்றுக்கும் சாத்தானைக் கைகாட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

"அப்படியானால் வானத்திலிருந்து விழுந்த தூதன் யார்?" என்று உப்புக்கார அத்தை விடவில்லை. ஏசாயா பதினாலைத் திருப்பினோம். அந்தப் பாட்டு பாபிலோன் ராஜாவின்மேல் பாடப்பட்டது என்று நாலாம் வசனத்திலேயே இருக்கிறது. எசேக்கியேல் இருபத்தெட்டில் வருகிறவன் தீருவின் ராஜா. பிற்காலத்துச் சபைப் பிதாக்கள் இவற்றைச் சாத்தானின் கதையாக வாசித்தார்கள். நாம் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தது அந்த வாசிப்பை. ஏதேன் தோட்டத்துச் சர்ப்பத்தையும் ஆதியாகமம் சாத்தான் என்று சொல்லவில்லை. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல்தான் இரண்டையும் இணைக்கிறது. இதைச் சொன்னதற்கு, ரிட்டயரான டீச்சர் சாத்தானே இல்லை என்கிறாளாம் என்று ஊருக்குள் பேச்சு. எங்கள் சபைப் போதகர் ஐயர் கூப்பிட்டுக் கேட்டார். இல்லை என்று நான் சொல்லவில்லை ஐயா, அவனுடைய வேலை என்ன என்றுதான் சொன்னேன் என்றேன். வெளிப்படுத்தல் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் அவன் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன்தானே. ஐயர் சிரித்துவிட்டு, அடுத்த மாதமும் நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். இரண்டாம் அதிகாரத்தில் யோபுவைப் பருக்களால் வாதித்துவிட்டுச் சாத்தான் போகிறான். போனவன் புத்தகம் முடியும் வரை திரும்பி வரவே இல்லை. வரவேண்டிய தேவை இல்லை. அவனுடைய வேலையை, யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதர் எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கேடு. பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் பில்தாத் உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்கிறான். எல்லாம் பக்தியான வார்த்தைகள். யோபு சொன்னான்: "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்." ஆறுதல் சொல்ல வந்து தொல்லை கொடுக்கிறவர்கள் என்று அர்த்தம். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அந்த மூன்று பேர்மேல்தான், என்னைக்குறித்து நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். யோபுவுக்கு வந்த துன்பத்தைப் பற்றி அவரே சாத்தானிடம் முன்னமே சொன்ன வார்த்தை "முகாந்தரமில்லாமல்", அதாவது காரணமே இல்லாமல், என்பது. இரண்டாம் அதிகாரம், மூன்றாம் வசனம். எடுத்துப் பார்.

நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் சுகமில்லாத ஒரு பிள்ளையின் தாயிடம், உன் வீட்டில் என்ன பாவம், எந்தத் தலைமுறைச் சாபம், எங்கே கட்டு என்று கேட்பவர் யாராக இருந்தாலும், வெள்ளை உடை உடுத்தியிருந்தாலும், அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று நீயே யோசித்துக்கொள்.

எஸ்தர் சித்தியைப் பற்றி உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அன்றைக்கு வந்த பிரசங்கியார் உன் ஆச்சியைப் பார்த்து, நீ என்ன செய்தாய் என்று சபை நடுவில் கேட்டார். ஆச்சி அதற்குப் பிறகு சாகும் வரை கோயிலில் கடைசிப் பாயில்தான் உட்கார்ந்தாள். அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனத்துக்குக்கூட எல்லாரும் போன பிறகுதான் எழுந்து போவாள்.

மாற்கு ஒன்பதில் வருகிற பையனைக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பையன். இயேசு அந்த ஆவியை அதட்டினார். உண்மைதான், நான் மறைக்கவில்லை. அதற்கு முன்னால் தகப்பனிடம் என்ன கேட்டார் என்று பார். இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டார். அது டாக்டர் கேட்கிற கேள்வி. நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்கவில்லை. மத்தேயுவில் அவிசுவாசம் என்று அவர் கடிந்துகொண்டது குணமாக்க முடியாமல் போன சீஷர்களை. இன்றைக்கோ ஜெபம் கேட்கப்படாவிட்டால் பெற்றவளுக்கு விசுவாசம் போதாது என்கிறார்கள். அதே மத்தேயு நாலாம் அதிகாரம் இருபத்துநாலாம் வசனத்தில் பிசாசு பிடித்தவர்கள் என்று ஒரு கூட்டம், சந்திரரோகிகள் என்று வேறொரு கூட்டம், தனித்தனியாக எழுதியிருக்கிறது. சந்திரரோகம் என்றால் வலிப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்டபோதும் இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவனுடைய மாம்சத்தில் இருந்த முள், அந்த உபாதை, நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லிவிடுவார்களா? அந்தப் பவுல்தான் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்து சொன்னவன். அவனோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியன்.

ஜெபம் பண்ணு. நானும் பண்ணுகிறேன், விடியற்காலையில் யோனா பெயரைச் சொல்லாமல் நான் எழுந்திருப்பதில்லை. மருந்தும் நடக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது உங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் யோனாவின் மாத்திரை அட்டை இருந்தது. ஒவ்வொரு குழிக்கு மேலும் மாப்பிள்ளை பென்சிலால் பொடியாகத் தேதி எழுதியிருந்தார். எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை வந்தது. ஈஸ்டருக்கு வந்தபோது அந்த இடத்தில் ஜெப எண்ணெய்க் குப்பி இருந்தது. அட்டையை வேறெங்காவது வைத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். நரம்பு டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன், கிரேஸ். இரண்டு வருடமாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் அவர்கள் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பாக வந்துவிடும் என்று சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்று உன்னிடம்தான் சொன்னார். நீயும் எழுதிக்கொண்டாய்.

அப்பாவும் நானும் வருகிற வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. லீவுக்கு யோனாவை எங்களோடு அனுப்பு. பனங்கிழங்கு இல்லாத காலம் என்றாலும் நுங்கு இருக்கிறது, கருப்பட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். அவன் மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையில் எத்தனை மணி, ராத்திரி எத்தனை மணி என்று ஒரு தாளில் உன் கையால் எழுதி வை. டாக்டர் சீட்டையும் போட்டோ எடுத்து அப்பாவின் போனுக்கு இன்றைக்கே அனுப்பு. திருநெல்வேலியில் அந்த மாத்திரை கிடைக்கிறதா என்று அவர் வியாழக்கிழமைக்குள் கேட்டு வாங்கிவிடுவார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் அம்மா