ஹார்லிக்ஸ் ஆலை இருந்த ஊரிலிருந்து

ஸ்லௌ, இங்கிலாந்து,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லாரும் நலம்தானே?

போன வாரம் போனில் "வயித்துப் பிள்ளையோட என்னதான்டி சாப்பிடுற?" என்று கேட்டாய். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், ஸ்பீக்கர் வேறு போட்டிருந்தாய். "எல்லாம் சாப்பிடுறேன்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். முழுப் பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதுகிறேன். நர்ஸ் அக்காவுக்கு எழுதுவதால் கணக்கெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டு அம்மாவுக்கு வேண்டியதை மட்டும் வடிகட்டிச் சொல்.

முதலில் இந்த ஊரைப் பற்றி ஒரு வேடிக்கை. அம்மா மாதா மாதம் மளிகைச் சீட்டில் முதலில் எழுதுவாளே ஹார்லிக்ஸ், அதன் ஆலை 1908-லிருந்து நூறு வருஷத்துக்கு மேல் இங்கேதான் ஓடியது. இப்போது மூடிவிட்டு அந்த இடத்தை அடுக்குமாடி வீடுகளாக ஆக்கிவிட்டார்கள். உயரமான புகைபோக்கியையும் கடிகாரக் கோபுரத்தையும் மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். மார்ஸ் சாக்லேட்டை 1932-ல் முதன்முதலாகச் செய்ததும் இதே ஊரில்தான். ஆனால் ஹார்லிக்ஸ் இங்கே வயசானவர்கள் ராத்திரி தூக்கம் வரக் குடிக்கிற பானம். பிள்ளைத்தாச்சிக்கு அதைக் கரைத்துக் கொடுப்போம் என்று ஆபீஸில் சொன்னேன், ஏதோ கிராமத்து வைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் நாட்டுக் கம்பெனி நமக்கு விற்றுவிட்டுப் போன வைத்தியம் அது என்று விளக்கினேன். 2024-ல் இந்தியாவிலேயே அதை "ஹெல்த்" பானம் என்ற வகையிலிருந்து எடுத்துவிட்டார்களாமே. அம்மாவிடம் நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ சொல்: ஒரு டம்ளர் பால் போதும், அதன் மேல் மால்ட்டும் சர்க்கரையும் வேண்டாம்.

முதல் மூன்று மாதம் என்ன சாப்பிட்டேன் என்றால், பெரும்பாலும் பிரெட். கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டல். இவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பனியிலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்தார். வயிற்றில் தங்கியது டோஸ்ட், உப்புப் போட்ட சிப்ஸ், ஐஸ் போட்ட எலுமிச்சம் ஜூஸ், அவ்வளவுதான். இந்த நாட்டு ஸ்லைஸ் பிரெட் ஒரு தனிக் கதை. சோர்லிவுட் என்று இங்கிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஊரில் 1961-ல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். மாவை மணிக்கணக்கில் புளிக்க விடாமல், மெஷினில் அசுர வேகத்தில் அடித்துச் சீக்கிரம் சுட்டெடுப்பது. கடையில் விற்கிற பிரெட்டில் பெரும்பகுதி இன்றும் அப்படித்தான். கவரின் பின்னால் பார்த்தால் மாவு, ஈஸ்ட், உப்போடு, சேர்ப்புப் பொருள்களின் குறியெண்களான ஈ-நம்பர்கள் வரிசையாக நிற்கும். ஆனாலும் நான் அதைத் திட்டமாட்டேன். வெள்ளை மாவில் கால்சியம், இரும்பு, பி வைட்டமின்கள் இரண்டு சேர்க்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. 2026 கடைசிக்குள் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்போகிறார்கள். ஒன்றுமே தங்காத நாளில் அந்த டோஸ்ட்டாவது தங்கியதே.

இங்கே டாக்டரைப் பார்ப்பது அபூர்வம். எல்லாம் மிட்வைஃப்தான், உன்னை மாதிரி. பத்து வாரத்துக்குள் பதிவு, பன்னிரண்டிலும் இருபதிலும் ஸ்கேன். கர்ப்பம் உறுதியானதும் ஒரு சான்றிதழ் தருகிறார்கள், குழந்தை பிறந்து ஒரு வருஷம் வரை மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது, பல் வைத்தியமும் இலவசம். இரும்பு மாத்திரை மட்டும் எல்லாருக்கும் தருவதில்லை. நீ ஒவ்வொருத்திக்கும் 180 மாத்திரை கணக்குப் பார்த்துக் கொடுப்பாய், இங்கே ஹீமோகுளோபின் குறைந்தால்தான். ரிப்போர்ட்டில் 112 என்று பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. லிட்டருக்கு எழுதுகிறார்கள், நம் கணக்கில் 11.2. பயப்படாதே.

சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதில் பாதிக்கு மேல் நாம் கண்ணால்கூடப் பார்க்காத சாமான். பூஞ்சை படிந்த மெத்தென்ற சீஸ் கூடாது, காய்ச்சாத பால் கூடாது, சுறா கூடாது, ஈரலில் செய்து பிரெட்டில் தடவுகிற ஒரு விழுது கூடாது. ஈரலே கூடாதாம். "ஆட்டீரல் வாங்கிச் சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று அம்மா வாரா வாரம் சொல்கிறாள். அதில் இருக்கிற வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்று இங்கே கறாராகச் சொல்கிறார்கள். பப்பாளியைப் பற்றி மிட்வைஃபிடம் கேட்டேன், அவள் கேள்விப்பட்டதே இல்லை. நல்ல சேதி ஒன்று: சிங்க முத்திரை குத்திய முட்டை என்றால் ஆஃப் பாயில்கூடச் சாப்பிடலாம், 2017-லிருந்து அனுமதி. காபிக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன் வரை. ஒரு மக் பில்டர் காபிக்கு 140 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், டீக்கு 75. அதனால் காலையில் ஒரு காபி, அத்தோடு சரி. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு" என்பதும் இங்கே செல்லாது. முதல் ஆறு மாதம் கூடுதலாக ஒன்றுமே வேண்டாமாம், கடைசி மூன்று மாதம் 200 கலோரி, அதாவது ஏறக்குறைய ஒரு தோசையும் சட்னியும். உங்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு 350 இல்லையா? நான் நடுவில் எங்கேயோ இருக்கிறேன்.

எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு குறை தெரிகிறது. நாளைக்கே வயிற்றைக் கெடுக்கக்கூடிய கிருமியைப் பற்றி வரிக்கு வரி எழுதியிருக்கிறது. தினமும் மூன்று வேளையும் வாயில் போடுகிற பாக்கெட்டைப் பற்றி, இனிப்பும் கொழுப்பும் குறைத்துக்கொள் என்று ஒரே வரி. இந்த நாட்டில் பெரியவர்கள் சாப்பிடுகிற கலோரியில் பாதிக்கு மேல் அந்த மாதிரி ஆலைச் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. ஆபீஸில் பார்க்கிறேனே. மத்தியானம் "மீல் டீல்" என்று ஒன்று: சாண்ட்விச், சிப்ஸ், ஒரு பாட்டில் பானம், மூன்றும் சேர்த்து நாலு பவுண்டைச் சுற்றி. வாங்க ஐந்து நிமிஷம், சாப்பிட ஐந்து நிமிஷம். சாயங்காலம் யாராவது பிஸ்கட் டப்பாவைத் திறப்பார்கள், "பேபிக்கு ஒண்ணு" என்று என் பக்கம் நீட்டுவார்கள். பெரிய கடைகளில் பில் போடும் இடத்திலும் வாசலிலும் இந்த மாதிரி தீனியை அடுக்கக் கூடாது என்று 2022 அக்டோபரிலிருந்து சட்டம் இருக்கிறது. சின்னக் கடைகளுக்கு விலக்கு. நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் இருப்பது சின்னக் கடை.

பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்து கார்லோஸ் மொன்டெய்ரோ என்பவர் சாப்பாட்டைச் சத்தை வைத்துப் பிரிக்காமல், எவ்வளவு தூரம் ஆலையில் உருமாறியிருக்கிறது என்பதை வைத்து நாலு வகையாகப் பிரித்தார். நாலாவது வகை, வீட்டு அடுப்படியில் இருக்கவே இருக்காத பொருள்களைச் சேர்த்துச் செய்தது. உனக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். 2019-ல் அமெரிக்காவில் இருபது பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து இரண்டு வாரம் அந்த நாலாவது வகை, இரண்டு வாரம் சாதாரணச் சாப்பாடு என்று கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் பரிமாறியதில் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் ஒரு நாளைக்கு 500 கலோரி போலக் கூடுதலாக உள்ளே போனது. அதில் கர்ப்பிணிகள் யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் அதிகமாக வருகிற மாதிரி தெரிகிறது. ஆனால் வசதி, வேலை, தூக்கம் என்று இத்தனை சமாசாரம் அதில் கலந்திருக்கும்போது பாக்கெட்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இங்கே அரசின் நிபுணர் குழுவும் 2023-ல் கவலைப்பட வேண்டிய விஷயம்தான், காரணம் உறுதியாகவில்லை என்றுதான் சொன்னது. எனக்கு அந்த உறுதி வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை, பிள்ளை மே மாசம் வந்துவிடும்.

அதனால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறேன். முன்பக்கத்தில் சிக்னல் விளக்கு மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை போட்டிருப்பார்கள். நூறு கிராமில் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல், உப்பு 1.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. உபயோகமானதுதான், ஆனால் செயற்கை இனிப்பைப் போட்டுப் பச்சை வாங்கிவிடலாம். பின்பக்கம்தான் நிஜம். அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம் நம்ம ஊர்ச் சாமான் கடையில் காத்திருந்தது. வெள்ளைக்காரன் சாப்பாடு கெடுதல், நம்ம சாப்பாடு நல்லது என்று இங்கே நம்மவர்கள் எல்லாரும் பேசுவார்கள். அந்த வீடுகளின் ஃப்ரீசரைத் திறந்தால் உறைந்த பரோட்டா, உறைந்த சமோசா, கரைத்துக் கொதிக்கவைக்கிற சாம்பார், ரெண்டு நிமிஷ உப்புமா. பரோட்டா கவரில் மைதா, பாமாயில், அப்புறம் பிரெட்டில் பார்த்த அதே நம்பர்கள். தமிழில் பேர் அச்சடித்திருந்தால் அம்மா செய்தது என்று நினைப்பு. அதே கடையில் விற்கிற இட்லி மாவு டப்பாவில் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். அதைத் தாராளமாக வாங்குகிறேன்.

டப்பா என்பதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கவும் இல்லை. டின்னில் வருகிற சாளை மீனைத் தக்காளி, புளி, மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பாக வைத்தால் நம்ம வீட்டுக் குழம்புக்குப் பத்துக்கு ஏழு மார்க் கொடுக்கலாம். முள்ளோடு சாப்பிடலாம், கால்சியம். அந்த மாதிரி எண்ணெய் மீன் வாரத்துக்கு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள், இரண்டு வேளை போதும். உறைந்த பசலைக்கீரை, பட்டாணி எப்போதும் ஃப்ரீசரில் இருக்கும். முருங்கைக்காய்கூட உறைந்தது கிடைக்கிறது, சொதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் இவருமாக நின்று பருப்பு, கீரைக்கூட்டு, அவித்த கொண்டைக்கடலை எல்லாம் செய்து டப்பா டப்பாவாக அடுக்கிவிடுவோம். இந்தக் கடிதமே குக்கர் விசிலுக்கு நடுவில்தான் எழுதுகிறேன். எல்லா வாரமும் இப்படி நடக்கிறது என்று நினைக்காதே. வேலை முடிந்து நாலு மணிக்கே இருட்டிய ரோட்டில் வீடு வந்து சேர்ந்தபோது ஓவன் பீட்சாதான் சாப்பிட்ட நாள்களும் உண்டு.

சுகர் டெஸ்ட் முடிந்தது. இங்கே எல்லாருக்கும் எடுப்பதில்லை. பக்கத்து சீட்டு போலந்துப் பெண்ணுக்குப் போன வருஷம் எடுக்கவே இல்லையாம். நம்ம பக்கத்துக் குடும்பத்தில் பிறந்திருப்பதே ஒரு காரணமாம், அப்பாவுக்குச் சுகர் இருப்பது இரண்டாவது காரணம். ராத்திரி முழுக்கப் பட்டினி, காலையில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். சென்னை டாக்டர் சேஷய்யா சொன்ன முறையில் நீ பட்டினியே போடாமல் எடுப்பாயே, அதையும் எல்லாருக்கும் எடுப்பாயே, அது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குப் பசி மயக்கத்தில் நினைத்துக்கொண்டேன். இங்கே அலகு வேறு, இரண்டாவது ரத்தத்தில் 7.8 தொட்டால் சுகர். உன் 140-ம் இதுவும் ஒன்றுதான், பதினெட்டால் பெருக்கிப் பார். எனக்கு 7.1. தப்பித்தேன், ஆனால் அதிகம் தப்பவில்லை. அன்றையிலிருந்து கருப்பட்டிக் காபியைக்கூட நிறுத்திவிட்டேன். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று அம்மாவுக்குப் புரியவைப்பது உன் பொறுப்பு.

ஏப்ரல் கடைசியில் அம்மா வரும்போது நெய், பால்கோவா எதையும் பெட்டியில் வைக்கவிடாதே. இந்தியாவிலிருந்து பால் சாமான், இறைச்சி எதுவும் கொண்டுவரக் கூடாது, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். நெய் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. வறுத்து அரைத்த உளுந்து மாவு, சுக்குப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி, முடிந்தால் நீயே அரைத்த சத்துமாவு ஒரு கிலோ. சர்க்கரை சேர்க்காமல் அரை. பிரசவ மருந்துப் பொடிக்கு என்னென்ன போடுகிறாள் என்று பட்டியலாக வாங்கி எனக்கு முன்கூட்டியே அனுப்பு, மிட்வைஃபிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. உன் கிராமத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைத்தாச்சிகள் காலையில் டீயும் பிஸ்கட்டும்தான் சாப்பிடுகிறார்கள், அரசு தருகிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வருகிற மாவை மாமியாரும் பிள்ளைகளும் சாப்பிட்டுவிடுகிறார்கள் என்று தீபாவளிக்குச் சொன்னாய். அவர்களிடம் நீ என்ன சொல்கிறாய்? பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லியிருப்பாய். அதை எனக்கும் எழுது.

அத்தானுக்கு வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் தங்கை